முதல் சனிக்கிழமை, அறை எண் நான்கு

ஒன்பது மைலுக்கு முன்பே தெரிந்துவிடும்
தானியக் கோபுரம்.
தெரிந்ததும் ஊர் வந்துவிட்டதென்று எண்ணக் கூடாது.
சஸ்காட்செவன் சமவெளியில்
கண்ணுக்குத் தெரிவது வேறு, கைக்கு எட்டுவது வேறு.
லாரி பள்ளத்தில் இறங்கினால் கோபுரம் மறையும்.
ஏறினால் அதே இடம், அதே உயரம்,
நாங்கள் நகரவே இல்லை என்பதுபோல் நிற்கும்.

பின்னால் ஈரச் சாக்கு சுற்றிய
இரண்டு பாலேட்டுக் கேன்கள்.
என் மடியில் முட்டைப் பெட்டி, ஆறு டஜன்.
தம்பி மெத்தோடியிடம் எதையும் தருவதில்லை.
அம்மா சன்னலோரம்,
கன்னத்தில் சூடான உப்பு மூட்டை.
மூன்று வாரமாக அது அவள் முகத்தின் ஒரு பகுதி.

வெண்ணெய் ஆலையில் ஒருவன்
கேனில் குச்சி விட்டு, நாக்கில் வைத்து, துப்பினான்.
இரண்டாம் தரம்.
எங்களில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான், ஒன்பது வயது.
சொன்னேன்.
"பசுக்கள் நாற்றக்களை தின்றிருக்கும்"
என்று மட்டும் சொன்னார் அப்பா, உக்ரேனிய மொழியில்,
பசுக்களை மன்னிப்பவர்போல்.
பதினெட்டு டாலர் நாற்பது சென்ட்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
பல் மருத்துவர் ரயிலில் வருவார்.
ஹோட்டல் மாடி, அறை எண் நான்கு.
கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு
நடுவில் ஒரு நாற்காலி.
பல்லுக்கு ஒரு டாலர். எல்லாவற்றையும்
ஒரே தடவையில் பிடுங்கினால் பதினைந்து.
"கெட்டவை மட்டுமா, எல்லாமுமா, கேள்" என்றார் என்னிடம்.
கேட்டேன்.
சரியாகத்தான் கேட்டேன் என்று
எழுபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை.
"ஆல்" என்றாள்.
அவளாகவே சொன்ன இங்கிலீஷ்.
அவளுக்கு அப்போது முப்பத்தொன்று.

படிக்கட்டின் அடியில் நானும் மெத்தோடியும்.
மேலே எனாமல் கிண்ணத்தில் டங்.
கொஞ்சம் நேரம் கழித்து டங்.
பதினேழு வரை எண்ணினேன்.
அப்புறம் அப்பா ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்,
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

கீழே வந்தவள் வாயைத் தலைத்துண்டால் மூடியிருந்தாள்.
நேரே லாரிக்குப் போகவில்லை.
தெருவைக் கடந்து
ஹட்லஸ்டன் அம்மாளின் துணிக்கடைக்குள் நுழைந்தாள்.

ஒவ்வொரு முறையும் அங்கே
"பட்டன்" என்பாள் அம்மா.
"என்னது? இன்னொரு தடவை சொல்லு" என்பாள் கடைக்காரி,
பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.
இன்று அம்மா விரலை நீட்டினாள்.
நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி.
பிறகு இரண்டு விரல்: இரண்டு கெஜம்.
கத்தரி ஓடியது. காகிதம், சணல் முடிச்சு.
"தேங்க் யூ, மேடம்."

மேடம்!
வாயில் ஒரு பல்லும் ஒரு சொல்லும் இல்லாமல்
அம்மா மேடம் ஆனாள்.

லாரியில் என் கோனை நீட்டினேன்.
பாதி கரைந்திருந்தது, குற்ற உணர்வில் மீதி வைத்தது.
அவள் தின்னவில்லை, கன்னத்தில் அழுத்திக்கொண்டாள்.
வெள்ளையாகக் கழுத்தில் வழிந்தது,
போன வாரம் நாங்கள் விற்ற பாலேடாகவும் இருக்கலாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினாள் என்று
எங்கள் பெண்களைப் பற்றி இப்போது மேடையில் பேசுகிறார்கள்.
அதற்கும் பல் வேண்டும்.

நான்காவது மைலில் மெத்தோடி கேட்டான்:
"விழுந்த பல்லை எலிக்குப் போட்டால்
இரும்புப் பல் தரும் இல்லையா?
அம்மா பல்லெல்லாம் எங்கே?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அவனே யோசித்தான்.
"நம் தொழுவத்து எலி போதாது.
தானியக் கோபுரத்தில்தான் நிறைய இருக்கும்.
திரும்பிப் போகலாம்."

துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.
வலி என்று நினைத்து அப்பா பிரேக் போட்டார்.
அம்மா குலுங்கிக் குலுங்கிச்
சிரித்துக்கொண்டிருந்தாள்,
துண்டு சிவக்கச் சிவக்க,
மடியில் நீலத் துணியைக்
கறை படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு.