இந்தக் கிழமைப் பெட்டி

புதன் விடிய நாலரைக்கு
நெத்தியில டோர்ச் கட்டிக்கொண்டு
கெங்காதரன் அண்ணை கத்தரிக்காய் ஆய்வார்.
முள்ளுக் குத்தினால்தான் வாய் திறப்பார்.
மருந்தடிச்ச காலத்தில
இதே வரம்பில மூண்டு மடங்கு ஆய்ஞ்சவராம்.
கணக்கை மட்டும் ஒருக்காச் சொன்னார்,
காரணம் சொல்லேல்லை.
வேப்பம்பிண்ணாக்குச் சாக்கை உதறி மடிச்சு வைச்சார்.

நான் தராசு பிடிப்பன்.
பதினேழு பெட்டி.
மூடியில மாக்கரால எழுதின பேர்
போன மழைக்குக் கரைஞ்சு
மூண்டு வீடு இப்ப
என்ர ஞாபகத்தில மட்டும்.

சைக்கிள் ரியூப்பை நாலாய்க் கிழிச்சு
ஸ்கூட்டிக்குப் பின்னால இறுக்கிக் கட்டினால்
பலாலி வீதிக் குழிகளுக்கும்
உரும்பிராய்ச் சந்தி நாய்களுக்கும்
பூசணிக்காய் அசையாது.
லீசிங் இன்னும் பதினொரு மாதம்.
அதுகும் அசையாது.

கோண்டாவில், வங்கிக்கார ஜெயகௌரி அக்கா
படலைக்கு உள்ளுக்கு நிண்டே கேட்பா:
"தக்காளி எங்கை?"
தைக்குப் பிறகு, அக்கா. இப்பதான் நாத்து.
"கடையில கிடக்குதே."
அது தம்புள்ளையின்ர தக்காளி.
"ஆற்ற தக்காளி எண்டாலும் ரசம் ரசம்தான்."
ஆயிரத்து ஐந்நூறு எண்ணித் தருவா,
ரெண்டு தரம் எண்ணி.
அடுத்த கிழமையும் வேணும் எண்டு
சொல்லாமலே படலையைச் சாத்துவா.

ஆனைப்பந்தி டொக்டரம்மா அப்பிடியில்லை.
போட்டோ அனுப்பினா:
கறிவேப்பிலைக் காம்பில ஒரு பச்சைப் புழு,
கீழ ஒண்டேகால் நிமிச வோய்ஸ்.
"இதுக்கோ நான் கூடக் காசு குடுக்கிறன்?"
ஓம் அம்மா, இதுக்குத்தான்,
எண்டு அடிச்சுப்போட்டு
அழிச்சன்.
மன்னியுங்கோ எண்டு அனுப்பினன்.

அடுத்த புதன் அவவின்ர மகன் படலையில.
கையில ஜாம் போத்தல்,
மூடியில ஊசித் துளைகள்.
"அன்ரி, இது வேற என்ன தின்னும்?"
தேசி இலையும் தின்னும், ராசா.
ஆனால் இவருக்கு இதுதான் பழக்கம்.
அண்டு பின்னேரம் ஓடர் வந்திது:
வெண்டி அரைக்கிலோ. வாழைக்காய் மூண்டு.
கறிவேப்பிலை ரெண்டு பிடி,
ஒண்டு கறிக்கு.

கார்த்திகையில
அஞ்சு நாள் விடாமல் ஊத்தினது.
வரம்பு எது வாய்க்கால் எது எண்டு தெரியேல்லை.
முழங்கால் தண்ணியில நிண்டு
கெங்காதரன் அண்ணை ஒரு வெண்டிக் கண்டைப் பிடுங்கினார்,
வேரை மணந்தார்,
எறிஞ்சார்.
பொன்னாங்காணி மட்டும் ஓரத்தில
இதுதான் என்ர காலம் எண்ட மாதிரி.

ஒரு கீரைக்கட்டைப் போட்டு
எப்பிடிப் பெட்டி எண்டு சொல்லுறது?
வழியில இறங்கி இறங்கிக் கேட்டன்.
நாச்சிமார் கோயிலடியில ஈரப்பலாக்காய் ஆறு.
கொக்குவிலில மரத்தடித் தேசிக்காய்,
பொறுக்கினால் சரி எண்டிச்சினம்.
கோண்டாவிலில ஒரு மதிலுக்கு மேலால
வைகுந்தவாசன் எண்டவர்
வாழைப்பொத்தி மூண்டு வெட்டித் தந்தார்.
காசு வேண்டேல்லை,
கத்தியைக் கழுவித் தரச் சொன்னார்.

அந்த மதிலுக்கு மற்றப் பக்கம்தான்
ஜெயகௌரி அக்கா.
குடையைத் தோளில சாய்ச்சுக்கொண்டு
பெட்டியைத் திறந்தா. பொத்தியைத் தூக்கினா.
ஒரு மடல் உரிச்சு மணந்தா.
"இதெண்டால் சாமான். எந்தத் தோட்டம்?"
கிட்டத்தான், அக்கா.
இந்த முறை எண்ணூறு தந்தால் போதும் எண்டன்.
ஒருக்கால்தான் எண்ணினா.
தக்காளியைப் பற்றி ஒரு கதையுமில்லை.

மழை விட்ட ராத்திரி,
ஈரச் செருப்பை அடுப்பங்கரையில கவிழ்த்து வைக்க
டொக்டரம்மாவின்ர மெசேஜ்:
கீரை எது வந்தாலும் சரி.
பூசணி இருந்தால் ஒரு கீத்து.
கறிவேப்பிலை
ஒரு பிடி போதும் இனி.