வருகைப் பதிவேடு

'நோக்கம்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று கேட்டாள் நெய்மோன்.
கோழி ஆலையில் இரவுப்பணி முடிந்து
வெள்ளை ரப்பர் பூட்ஸோடு
நேரே வந்திருந்தாள்.
ஆர்கன்சாவில் அன்று பனிமழை.

இந்த மேசையில் எனக்குப் பதினோராம் வருடம்.
ஏழைப் பிள்ளைகளைத் தலையெண்ணித்தான்
வாஷிங்டன் எங்களுக்குப் பணம் அனுப்புகிறது.
பணத்தோடு ஒரு நிபந்தனையும் வரும்:
பெற்றவர்களையும் கேள்.
கேட்கிறோம்.
ஆகஸ்டில் நான்கு பக்கம் அடித்து,
மார்ஷல் தீவுக்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே அடித்து,
கையெழுத்து வாங்கிப்
பச்சைக் கோப்பில் போட்டுவிடுகிறோம்.
அதை ஒருவர் படிப்பார் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இவள் படித்திருந்தாள்.
மூன்றாம் பக்கம், நான்காய் மடித்தது.
'வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம்'
என்ற வரிக்குக் கீழே
ஆரஞ்சு கிரேயான் கோடு.

முதல்வர் கூட்டத்தில் இருந்தார்.
அடுத்த வாரம் வாருங்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தாளின் அடியில், பள்ளிக்காக,
என் கையெழுத்து.

பன்னிரண்டாம் அறை. கடைசி வரிசை.
ஏழு வயதுக்குச் செய்த நாற்காலி.
கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு
தொடங்குமுன்பே தூங்கிவிட்டாளாம்.
ஆசிரியை எழுப்பவில்லை,
குரலை மட்டும் தணித்துக்கொண்டார்.
ஜெல்டன் பலகையைப் பார்ப்பதும்
திரும்பி அம்மாவைப் பார்ப்பதுமாய்
ஒன்பது கணக்கையும் போட்டு முடித்தான்.
இரண்டு தப்பு.

வெளியேறிய நேரம்: பத்து நாற்பது.
நோக்கம் காலியாகவே கிடந்தது.
'ஜெல்டனின் அம்மா' என்று
நானே நிரப்பினேன்.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
அந்த வரியில் பேனாவை நிறுத்தி,
இது நோக்கம் ஆகாதே என்றார்.

ஆகும் என்றேன்.