முப்பத்தொரு நாவல்களில் இல்லாத சொல்

பிரெஞ்சு எனக்குக் கௌபாய்கள் சொல்லித் தந்தது.
ஆர்ல் நகர மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
நோயாளிகள் விட்டுப்போகும் மலிவுப் பதிப்புகள்:
அட்டையில் தொப்பி, தொப்பிக்குக் கீழே நிழல்,
நிழலுக்குக் கீழே எப்போதும் ஒரு தாடை.
இரவுப் பணியில், உலர்த்தி சுற்றும் நாற்பது நிமிடங்களில்
முப்பத்தொன்று படித்து முடித்தேன்.
அதனால் சேணம், கடிவாளம், காயம், மன்னிப்பு,
'இனி நீ ஓட வேண்டாம்' எல்லாம் தெரியும்.
எரிவாயு ரசீதைப் படிக்கத் தெரியாது.

எல்லாவற்றிலும் ஒரே நாட்காட்டி.
நாற்பதாம் பக்கம் அவன் குதிரையிலிருந்து விழுவான்.
தொண்ணூறில் மழை, ஒதுங்க ஒரு வைக்கோல் கொட்டகை.
நூற்றெண்பதில் தாயில்லாப் பிள்ளை அவளை
அம்மா என்று கூப்பிடும்.
அந்த இடத்தில் அழுவேன்,
அழுதபடியே படுக்கைவிரிப்பு மடிப்பேன்.

ஒனொரா விழுந்தது எந்தப் பக்கமோ.
இடுப்பெலும்பில் மூன்று திருகாணியோடு
நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு
தொலைந்த ஒற்றைக் காலுறையைக் கேட்டு வந்தார்.
ஐம்பத்திரண்டு வயது. தாடை சுமார்.
காமார்க் சதுப்பில் கறுத்த காளைகளை மேய்ப்பவர்;
குதிரைமேல் சூலம் பிடித்துப் போவார்களாம்.
எங்கள் ஊரில் சூலம் பிடித்தவளைக் கும்பிடுவோம் என்றேன்.
எங்களுக்குச் சம்பளமே ஒழுங்காகக் கிடையாது என்றார்.

லெ சம்புக்கில் அவர் வீட்டைச் சுற்றி நெல்வயல்.
நான் நம்பவில்லை. இறங்கிக்
கதிரொன்றை உருவிப் பல்லில் கடித்துப் பார்த்தேன்.
உமி உமிதான்.

வடக்கிருந்து ஒரு காற்று, பெயர் மிஸ்திரால்,
மூன்று நாள் ஓயாது. கதவுகளை அறையும்.
ஒவ்வோர் அறைக்கும் என் தோள் காதுவரை ஏறும்.
அதன் கதையை நான் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.
மறுவாரம் போனபோது ஒரு கதவும் சத்தமிடவில்லை.
பழைய சேணமொன்றைக் கிழித்துப் பட்டை பட்டையாய்க்
கதவுநிலைகளில் ஆணியடித்திருந்தார்,
கோழிக்கூண்டில்கூட.
வீடு முழுக்கத் தோலும் குதிரை வியர்வையும் மணத்தது.
நாவலென்றால் இங்கே ஒரு முத்தம் வைத்திருப்பார்கள்.
நாங்கள் சோறு வடித்துச் சாப்பிட்டோம்.

எஸ்தெல், அவர் மகள், பதின்மூன்று.
நூற்றெண்பதாம் பக்கம் அவளிடம் வரவே இல்லை.
முதலில் என்னை மதாம் என்றாள், பிறகு ஏய்,
பிறகு என் பெயரில் பாதி.
முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன்.
என் மகன் நிரூஜனுக்கு ஒன்பது வயது, ஏழு முகவரி.
எட்டாவதிலும் பையைப் பிரிக்காமல்
கட்டில் காலில் கட்டி வைத்தான்.

இந்தச் சித்திரையில் வெள்ளைக் குதிரை ஈன்ற குட்டி
கரிக்கட்டை நிறம்.
யாரும் மாற்றிவிட்டார்களா என்று மிரண்டான் பையன்.
இங்கே எல்லாம் இப்படித்தான் பிறக்கும்,
வெளுக்க நாலு வருசம், ஐந்தும் ஆகும், என்றார் ஒனொரா.
வெளுக்காவிட்டால் என்ன, கறுப்பே வடிவு, என்றான்.
ஆனாலும் விரல் மடித்து எண்ணினான். பிறகு
குட்டியிடம் கேட்பதுபோல் கேட்டான்:
அதுவரைக்கும் நாங்கள் இங்கேதானா?

ஒனொரா தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார்.
முப்பத்தொன்றையும் மனதில் புரட்டினேன்;
இந்த இடத்துக்கு வசனம் இருந்தது,
நாக்கில் ஏறவில்லை.
எஸ்தெல் திரும்பாமலே மண்வாரியை நீட்டினாள்:
"பின்னே? லத்தியை யார் அள்ளுவது?"

அவள் சொன்ன சொல் எனக்குத் தெரியாது.
முப்பத்தொரு நாவலில் ஒரு குதிரைகூட லத்தி போட்டதில்லை.
விரல் நீட்டிக் காட்டினாள். சூடாக, ஆவி பறக்க.
நிரூஜன் அள்ளினான், பாதி சிந்தினான்,
அவளிடம் நன்றாகத் திட்டு வாங்கினான்.

பை இன்னும் கட்டில் காலில்தான்.
அதன் அடியில் கிடந்த காற்சட்டை மட்டும்
இன்று கொடியில் அடித்துக்கொள்கிறது.
முகர்ந்து பார்த்தேன்.
இன்னொரு தரம் அலச வேண்டும்.