பாதையில் ஒரு குடம் குளிர்

குருமண்வெளித் துறையில் ஏழரைப் பாதை.
என் மோட்டார்சைக்கிளின் பின்னால்
கயிறு போட்டுக் கட்டிய அலுமினியக் குடம்.
மூடி இடுக்கால் வெள்ளையாய்க் கசிகிறது.

"என்னகா அது, ஐஸ்கிறீமா?"
கருவாட்டுப் பெட்டியோடு நின்றவள் கேட்டாள்.
"காத்து" என்றேன்.
"காத்தையும் இப்ப காசுக்கோ வாங்குற?"
பாதையே சிரித்தது.

பொய்யில்லை, காற்றுத்தான்.
இழுக்கிற மூச்சில் ஐந்தில் நாலு பங்கு.
உள்ளே வரும், ஒன்றும் தொடாது,
கோபத்தில் இருக்கிற சம்பந்தி போலத்
தேத்தண்ணியும் குடிக்காமல் திரும்பும்.

அதே நைதரசன்
அந்தப் பொடியன் கையிலிருக்கும்
கிழங்குப் பொரியல் பைக்கற்றில் உப்பிக்கொண்டிருக்கிறது.
அக்கரையில் நிற்கிற லொறியில் யூரியா,
மூடைக்கு மூடை கடன்.
வரம்போரக் கவ்பி மட்டும்
ஒருவரிடமும் கைநீட்டாமல்
வேர்முடிச்சில் பிடித்து வைத்துக்கொள்ளும்.
மாரி மின்னலும் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும்.

என் குடத்தில் அது
பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
அதற்குள்ளே வைக்கோல் தடிப்பில் குழல்கள்,
குழல்களில் ஒரு காளையின் பிள்ளைகள்.
காளை செத்து நாலு வருடம்.
அதற்குப் பெயரில்லை, இலக்கம்தான்.

நடு வாவியில் மூடியைத் திறந்து
மரக்கோலை விட்டெடுத்துக்
காற்றில் ஆட்டினேன்.
பனி பிடித்தது நாலு விரல்.
நேற்று ஐந்து.
நிரப்புகிற லொறி போன கிழமையும் வரவில்லை.
மூடி வைத்தாலும் போகிறது.
அளக்கத் திறந்ததிலும்
கொஞ்சம் போயிருக்கும்.

பாலையடிவட்டையில்
தெய்வநாயகியின் சிவலை விடியமுதல் கத்துகிறது.
பின்னேரம் தாண்டினால் ஒண்ணா,
மறுகா மூன்று கிழமை.

இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கோப்பையில்.
இடுக்கியால் குழலைத் தூக்கிப் போட்டேன்.
நாற்பது எண்ணுவதற்குள்
நாலு வருடம் கரைந்து
உயிர் நெளியத் தொடங்கியிருக்கும்.
கண்ணால் கண்டதில்லை, நம்பித்தான் கை வைக்கிறேன்.

"நாகு கிடைக்குமோ, மிஸ்?"
"கிடைச்சால் நல்லம்."

சிந்திய ஒரு துளி
சாணத்தின் மேல் உருண்டு ஓடி
இல்லாமல் போனது.
சிவலை தலையைக் கிறுக்கிப் பார்த்து
அதையும் சேர்த்து உள்ளே இழுத்து
நீளமாய் வெளியே விட்டது.

கடைசிப் பாதை ஐந்தரைக்கு.
கோலில் மூன்றரை விரல்.