எடைச் சீட்டு

இஷ்செஹிசாரில் மலையை அறுத்து
லாரியில் ஏற்றுகிறார்கள்.
எடைமேடை என்னுடையது.
லாரி ஏறி நின்றதும்
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறும்,
பிறகு நிலைக்கும்.
நிலைத்ததை எழுதி, முத்திரை குத்தி,
கண்ணாடிக்கு அடியிலுள்ள இடுக்கு வழியே நீட்டுவேன்.
பன்னிரண்டு வருடத்தில் ஒரு கிலோ பிசகியதில்லை.

கல் எத்தனை கனம் என்பது என் வேலை.
எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது
என் வேலை இல்லை.
சீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

துர்சுன் நவம்பரில் வந்தான்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு
நிற்கட்டும் என்று பொருள்.
மூத்தவை மூன்றும் தங்காமல் போன வீட்டில்
நாலாவதுக்கு வைக்கிற பெயர்.
ஒற்றைக் கல். பால் வெள்ளை.
இருபத்துமூவாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.
"இஸ்மீரில் கப்பல் காத்திருக்கிறது, நெர்மின் அக்கா"
என்றான்.
கப்பல் எப்போதும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

நாலு சங்கிலி போட வேண்டிய இடத்தில் இரண்டு.
மற்ற இரண்டும்
கேபினுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கின.
இத்தனை கனம், அது எங்கே போய்விடும் என்பார்கள்
எல்லா டிரைவர்களும்.
மலையே நகர்ந்து போவதை
தினம் பார்க்கிறவர்கள்
கனமானது நகராது என்று நம்புவது
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மேடையைவிட்டு அவன் இறங்கும்போது
அந்தச் சத்தம்.
இறுக்கிய சங்கிலி ஊமை.
தொய்ந்ததுதான் பேசும்.
கிலுங், கிலுங் என்று
கேட்டைத் தாண்டி,
அறுவடை முடிந்த கசகசா வயல்களைத் தாண்டி
பேசிக்கொண்டே போனது.
கேட்டேன்.
அடுப்பில் தேநீர். சன்னலைத் திறந்தால் குளிர்.
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.

பனாஸுக்கு முன்னால் ஒரு வளைவு.
அங்கே கல் இறங்கிக்கொண்டது.
விழுந்தபோது யாருக்கும் அடியில்லை.
பாரம் போன லாரி தள்ளாடித் தள்ளாடி
நானூறு மீட்டர் தள்ளி நின்றது.
துர்சுன் குதித்துத் திரும்பிப் பார்த்தான்.
மூடுபனி.
வெள்ளைக்குள் வெள்ளை.
தன் கல் எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை.
கைப்பேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு,
கத்திக்கொண்டு,
வந்த வழியே ஓடினான்.

கல் வேறொன்றும் செய்யவில்லை.
நடுச்சாலையில்
அவன் பெயருக்குக் கீழ்ப்படிந்ததுபோல்
நின்றது.

இரண்டு கார்கள் வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்கின.
மூன்றாவதில் மெலாஹத்.
உஷாக் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவள்,
இரவுப் பணிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.
பின்சீட்டில் பை. அதில்
வெள்ளைச் செருப்பு, சீப்பு,
கசகசா அரைத்துத் தடவிய ரொட்டி, பாதி தின்றது.
பிரேக் போட்ட தடமே
சாலையில் இல்லை என்றார்கள்.

விசாரிக்க வந்தவர்
முதலில் கேட்டது என் சீட்டை.
விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.
எடை அளவுக்குள். தேதி சரி. முத்திரை சரி.
"உங்கள் பக்கம் பிழையே இல்லை" என்று
மரியாதையாக மடித்துக் கொடுத்தார்.
சத்தத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இப்போது சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.
விறகு வீணாகிறது என்கிறார் முதலாளி.
சங்கிலி பேசினால் சீட்டு கிடையாது.
திட்டுகிறார்கள்.
சிலர் இறங்கி இறுக்குகிறார்கள்.
சிலர் அதற்குள்
சங்கிலியில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வரப்
பழகிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கல் திரும்பி வந்தது.
வேறு லாரி, வேறு டிரைவர், நாலு சங்கிலி.
புதுச் சீட்டு இல்லாமல்
துறைமுகத்தில் எடுக்கமாட்டார்களாம்.
கழுவியிருந்தார்கள்.
ஒரு மூலை மட்டும் இல்லை.
மேடையில் ஏற்றினேன்.
எண்கள் தடுமாறின, நிலைத்தன.
இருபத்துமூவாயிரத்து அறுநூற்று ஒன்று.

முப்பத்தொன்பது கிலோ குறைவு.
எழுதினேன்.