கடைமடை

எண்பத்தேழு சதவீதத்தில் நின்றுவிடும்.
நேற்றும் எண்பத்தேழு, முந்தாநாளும்.
ஆறாயிரத்து இருநூறு படங்களை ஒட்டி
ஒரு கண்மாயை விரிக்கச் சொன்னால்
பெட்டிக்கு மூச்சு வாங்கும், விசிறி அலறும்,
பிறகு திரை முழுக்க நீலம்.
கருங்காலிக் கண்மாயில் அவ்வளவு நீலத்தை
நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பெங்களூரில் ஏதோ கம்பெனி கழித்துவிட்டது இது.
இருபத்து மூன்று கிலோ.
குபேந்திரன் மடியில் வைத்து
ஷேர் ஆட்டோவில் ஒத்தக்கடைக்குக் கொண்டுவந்தான்,
அதற்கும் ஓர் ஆள் காசு வாங்கினார்கள்.
"ரெண்டு பிராசசர் மேடம். ரெண்டு மூளை."
ஒன்றரை வருஷம் நம்பினோம்.

இன்று மூடியைக் கழற்றினேன்.
உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று
ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றேன்.
எதிரே யானைமலை வெயிலில் படுத்துக்கிடந்தது.
கீழே டயர் கடையில்
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறு பள்ளம், பக்கத்துக்கு எட்டு.
இருந்த நாலு ரேமும் இடப்பக்கம்.
வலது பிராசசரைச் சுற்றி
தூசிதான்.

அப்படியானால் இத்தனை நாள்
ஒவ்வோர் எண்ணையும்
பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கித்தான்
இது கணக்குப் போட்டிருக்கிறது.
கேட்டு, காத்திருந்து, வாங்கி,
விடையை அங்கேயே கொண்டுபோய் வைத்து.
தலைமடையில் வயல் உள்ளவனுக்கு இது புரியாது.
கடைமடைக்காரர்கள்
மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள்.

சிம்மக்கல்லில் ஜெய்லானி பாய்
எட்டு ரேமை எண்ணித் தந்தார்.
"பழசோட கலந்துராதீங்கம்மா, அது வேற ஜாதி.
சேத்தா மூணு தடவ கத்தும், எந்திரிக்காது."
வேறு சொல் அவருக்குக் கிடைக்கவில்லை போல.
பில்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளைத் தாழ்ப்பாள் முதலில், கறுப்பு அப்புறம்.
நகம் வெளுக்கும்வரை அழுத்த வேண்டும்,
போர்டு லேசாக வளையும்,
முப்பதாயிரம் ரூபாய் நெஞ்சுக்குள் வளையும்.
டக்.
இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.

சுவிட்சைப் போட்டால்
நாலு நிமிஷம் கறுப்புத் திரை.
பிறகு சொன்னது: நூற்றுப் பன்னிரண்டு.
எட்டுப் பதினாறு நூற்று இருபத்தெட்டு.
மறுபடி சொல்லிப் பார்த்தேன், இருபத்தெட்டுதான்.
அணைத்து, உருவி, மாற்றி, ஏற்றி,
டீ ஆறி, ஏடு படிந்து,
கடைசியில் வலப்பக்கம் மூன்றாம் பள்ளத்தில்
காய்ந்த சிற்றெறும்பு ஒன்று
குறுக்கே கிடந்தது.
பதினாறு ஜிபியை அடைத்துக்கொண்டு.
ஊதினேன்.

பழைய நாலையும் கவரில் போடுமுன்
பதிவேட்டைத் திறந்தேன், சும்மாதான்.
திருத்தப்பட்ட பிழை.
திருத்தப்பட்ட பிழை.
நாலாயிரத்துச் சொச்சம் வரி.
எல்லாம் ஒரே ரேமில், இடப்பக்கம் இரண்டாவது.
ஒன்று சுழியமாகச் சரியும்,
சரிந்ததைத் தூக்கி நிறுத்திவிட்டு
அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறார்கள்.
மணிக்கு எத்தனையோ தடவை.
நான் பேனாவால் தட்டித் திட்டிய பெட்டிக்குள்.
பாய் ஒன்றுக்கு இருநூறு தருவதாகச் சொன்னார்.
மூன்றைக் கொடுக்கலாம்.

இரவு பத்தே கால்.
எண்பத்தேழில் எழுந்து நின்றுவிட்டேன்.
எண்பத்தெட்டு.

கண்மாய் விரிந்தது.
கருவேலம், லாரித் தடம்,
உள்வாயில் யாரோ போட்ட வரப்பு,
வரப்புக்குள் பச்சை.
கரைமேல் மூன்று கறுப்பு வட்டம்.
நாங்கள் கொண்டுபோனது ஒரு குடை.
நடந்துகொண்டே இருந்தவனை
மூன்று படம் மூன்று இடத்தில் பிடித்திருக்கிறது.
குறைந்த அளவில் ஓட்டியபோதெல்லாம்
அவன் வெறும் அழுக்குத் தடமாக இருந்தான்.

அலுவலகத்தில் அழிக்கச் சொல்வார்கள்.
திங்கள்வரை இருக்கட்டும்.

பெரிதாக்கினால் மூன்றாவது குடை மடங்கியிருக்கிறது.
தலை தெரிகிறது, குனிந்த முதுகு.
கடைமடைக்குள் எட்டிப் பார்க்கிறான்.
என்ன இருந்தது என்று
அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.