எல் ஆல்ட்டோ, காலை நான்கு மணி

மூன்று விமானங்கள்.
இரண்டாவதில் கொடுத்த ரொட்டி
இன்னும் சட்டைப்பையில்.
இன்று என்ன கிழமை என்று கேட்க
வெட்கமாயிருந்தது.

பெட்டி வந்துவிட்டது.
மூச்சுதான் இன்னும் வந்து சேரவில்லை.
பதினெட்டுப் படி ஏறியதற்கே
சுவரைப் பிடித்து நின்றேன்.

டாக்சிக்கார வில்மெர் சிரிக்கவில்லை.
'மெல்ல' என்பதைக் கையால் சொன்னார்,
தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல்.

கீழே, மலைகளின் குழியில்
அள்ளிக் கொட்டிய விளக்குகள்.
முப்பத்தொரு வளைவு இறங்கினோம்;
எண்ணிக்கொண்டே வந்தேன்,
வேறு எதையும் நினைக்காமலிருக்க.

விடுதியில் ஃபெலிசா
கோக்கா இலைத் தேநீர் வைத்தாள்.
பெயர் கேட்டாள். சொன்னேன்.
அவள் வாயில் அது
வேறு யாருடையதோ ஆயிற்று.

சரி, அந்த ஆளே தூங்கட்டும் என்று
படுத்தேன்,
ஒற்றைக் காலணியோடு.